மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் 50 நிமிடக் காணொளி விரிவுரை, பாதியில் விட்டுப் போகிறார்கள்

கேள்வி: திருகோணமலையில் கல்வித் தொழினுட்பப் பாடம் நடக்கிறது. மூதூர், குச்சவெளிப் பக்க மாணவர்களுக்குப் போன்தான், டேட்டாவும் கொஞ்சம். காணொளியை எப்படிச் சுருக்கலாம்?

பதில் 1: சுருக்க முதல் வெட்டுங்கோ, ஒரு கருத்துக்கு 6–8 நிமிடம். பிறகு ஹான்ட்பிரேக் என்ற காணொளி சுருக்கும் மென்பொருளில் படத்தின் உயரம் 480பி, சுருக்கும் முறை எச்.264, தர அளவு ஆர்.எஃப். 28 (எண் கூடினால் கோப்பு சிறுக்கும்), ஒலி நொடிக்கு 64 கிலோபிட், மோனோ (ஒற்றைத் தடம்) என்று வையுங்கோ. ஸ்லைடு மட்டுமென்றால் நொடிக்கு 10 பிரேம் தாராளம். ஒலியைத் தனிக் கோப்பாகவும் போடுங்கோ. 8 நிமிட ஒலிக் கோப்பு 4 எம்.பி.க்குள் நிற்கும்.

பதில் 2: ஸ்லைடில் எழுத்தின் அளவு 28 புள்ளிக்குக் கீழே போனால் சின்னத் திரையில் வாசிக்க ஏலாது. அட்டவணைகளைப் பி.டி.எஃப். ஆகக் கொடுங்கோ.

பதில் 3: மூடிலில் உள்ள ‘பார்வையிட்டால் முடிந்தது’ என்ற நிபந்தனையை நம்பாதேங்கோ. பக்கத்தைத் திறந்தாலே டிக் விழும்! ஒவ்வொரு காணொளித் துண்டுக்கும் 3 கேள்வி வைத்து, தேர்ச்சிப் புள்ளியை நிபந்தனையாக்குங்கோ.