சால்ஸ்பர்க்கில் ஜெர்மன் வகுப்பு, வார இறுதியில் ஏரிப் பக்கம் மலையேற்றம்: எப்படித் திட்டமிடுவது?

கரிசல்காடு கேட்டது:

வணக்கம். செப்டம்பரில் நாலு வாரம் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் ஜெர்மன் தீவிர வகுப்பு. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 முதல் 12.30. ஏ2 நிலை முடித்தாயிற்று, அடுத்த நிலையான பி1 தொடங்கணும். வார இறுதிகளில் பக்கத்து சால்ஸ்காமர்குட் ஏரிப் பகுதியில் மலை நடக்க ஆசை. கார் கிடையாது. சமதரையில் 10 கி.மீ. சிரமமில்லை, 1,000 மீட்டர் ஏற்றமெல்லாம் பழக்கமில்லை. சாப்பாடு சைவம், முட்டை பரவாயில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடந்தால் படிப்பு கெடுமா? பஸ், ரயிலில் எந்த ஏரிகளுக்குப் போகலாம்? மலைக் குடிலில் ஒரு ராத்திரி தங்கினால் பேச்சு பழகுமா, இல்லை வட்டார வழக்கில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பேனா?

தடம்பார்ப்பவன்:

செப்டம்பர் நல்ல தேர்வு. ஜூலை, ஆகஸ்டில் சால்ஸ்பர்க் இசை, நாடக விழா நடப்பதால் அறை வாடகை எகிறும், மலையில் பிற்பகல் இடிமழையும் அதிகம். குடில்கள் பெரும்பாலும் செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் தொடக்கம் வரை திறந்திருக்கும்.

உங்களுக்கு முதுகெலும்பு 150ஆம் எண் பஸ். சால்ஸ்பர்க் ரயில் நிலையத்திலிருந்து ஃபூஷல், சாங்க்ட் கில்கன், ஷ்ட்ரோபல் வழியாக பாட் இஷல் போகும். கடைசி வரை போக சுமார் ஒன்றரை மணி நேரம். முதல் வாரம் ஃபூஷல் ஏரியைச் சுற்றுங்கள்: ஏறக்குறைய 12 கி.மீ., ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை, மூன்றரை மணி நேரம். காலணி கடிக்கிறதா, முதுகுப்பை தோளை அறுக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் வாரம் சாங்க்ட் கில்கனில் இறங்கி ஃபால்கன்ஷ்டைன் வழியாக சாங்க்ட் வொல்ஃப்காங். பழைய யாத்திரைப் பாதை. நடுவில் ஒரு செங்குத்தான துண்டு மூச்சு வாங்க வைக்கும், ஆனால் குறுகியது. சாங்க்ட் வொல்ஃப்காங்குக்கு 150 போகாது என்பதை நினைவில் வையுங்கள். திரும்ப ஏரிக் கப்பலில் சாங்க்ட் கில்கன் வரலாம், அல்லது உள்ளூர் பஸ்ஸில் ஷ்ட்ரோபல் வந்து 150 பிடிக்கலாம். கப்பல் பிற்பகலிலேயே முடிந்துவிடும். ஏறும் முன் கடைசிக் கப்பல் நேரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாங்க்ட் வொல்ஃப்காங்குக்கு மேலே இருக்கும் ஷாஃப்பெர்க் மலை 1,782 மீட்டர், ஏரிக்கரையிலிருந்து முழுசாக ஏறினால் 1,200 மீட்டருக்கு மேல். இப்போதைக்கு வேண்டாம். 1893 முதல் ஓடும் பல்சக்கர ரயிலில் நடு நிலையமான ஷாஃப்பெர்க்ஆல்ப வரை போய், அங்கிருந்து உச்சிக்கு 400 மீட்டர் சொச்சம் நடந்தால் போதும், காட்சி அதேதான். ரயிலில் ஏறிப் போய் முழு மலையையும் நடந்து இறங்குவது சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். 1,200 மீட்டர் இறக்கம் தொடைத் தசையைப் பிழிந்துவிடும். திங்கட்கிழமை வகுப்புக்கு மாடிப்படி ஏற முடியாது.

ஏரிக்கரை ஊரான ஹால்ஷ்டாட் போனால் ரயில் நிலையம் ஏரிக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. ரயில் வரும் நேரத்துக்கு ஏற்ப படகு. கடைசிப் படகு போனபின் ஊர் ஒரு கரை, ரயில் ஒரு கரை. ஊர் நெரிசலுக்குள் நிற்காமல் பின்னால் எஷர்ன் பள்ளத்தாக்கில் அருவி வரை நடந்துவிட்டு வாருங்கள்.

பஸ் அட்டவணையில் ‘வெர்க்டாக்’ (வேலை நாள்) என்று போட்டிருந்தால் சனிக்கிழமையும் சேர்த்திதான். ‘ஷூல்டாக்’ என்றால் பள்ளி நடக்கும் நாள் மட்டும். ஞாயிறு, விடுமுறைக்குத் தனிப் பத்தி. கூட்டம் கூட்டமாக ஆட்கள் தவறவிடும் பஸ் எல்லாம் இந்த மூன்றில்தான் தவறுகிறது. ஃபோன் செயலியில் அன்றைய தேதியைப் போட்டுத் தேடினால் குழப்பமில்லை. ‘இன்று’ என்று விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குத் திட்டம் போடாதீர்கள்.

கடைகள் சனி மாலை 6 மணிக்கு மூடினால் திங்கள்தான். ரயில் நிலையக் கடை போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ரொட்டி, பழம், பாலாடைக்கட்டி எல்லாம் வெள்ளிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

வேற்றுமையுருபு:

படிப்புப் பக்கம் நான் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. உங்கள் வகுப்பு வாரம் 20 பாடவேளை, நாலு வாரத்தில் 80. ஒரு பாடவேளை 45 நிமிடம். ஜெர்மன் கற்பிக்கும் கோத்தே நிறுவனம் தொடக்கத்திலிருந்து ஏ2க்கு மொத்தம் 200–350, பி1க்கு 350–650 பாடவேளை என்கிறது. ஆக நாலு வாரத்தில் பி1 முடியாது, பாதி வந்தால் நல்லது. அந்த 80 வீணாகாமல் இருக்க வகுப்புக்கு வெளியே பேச வேண்டும். அதற்குத்தான் மலை.

இரண்டு நாளும் நடக்காதீர்கள். சனி நடை, ஞாயிறு காலை தூக்கம், பிற்பகல் இரண்டு மணி நேரம் வீட்டுப்பாடம். குடிலில் தங்கும் வாரம் மட்டும் விதிவிலக்கு. அந்த வார வீட்டுப்பாடத்தை வெள்ளி மதியமே முடியுங்கள். களைத்த உடம்போடு ஞாயிறு ராத்திரி இலக்கணம் ஏறாது.

நடைபாதையில் பேச்சு வளரும் என்று எதிர்பார்க்காதீர்கள். எதிரில் வருபவர் ‘க்ரூஸ் கோட்’ என்பார், நீங்களும் சொல்வீர்கள், பத்து நொடியில் முடிந்தது. ‘இன்னும் எவ்வளவு தூரம்?’ என்று கேட்டால் ‘அரை மணி’ என்று வரும், அவ்வளவுதான். ‘மேலே பாதை எப்படி இருக்கிறது?’ என்று கேளுங்கள்: ‘வீ இஸ்ட் டெர் வேக் ஓபன்?’ ஈரம், சேறு, கம்பி, விழுந்த மரம் என்று நாலு வாக்கியம் கிடைக்கும், உங்களுக்கும் அது தேவைப்படும் தகவல்.

வெள்ளிக்கிழமை அந்தப் பாதையின் ஜெர்மன் விவரணையை ஒருமுறை படியுங்கள். இருபது சொல்லுக்குள் அடங்கும் உலகம் அது, திரும்பத் திரும்ப வரும். ‘கேட்ஸைட்’ நடைநேரம், ‘ஹோயன்மேட்டர்’ ஏற்ற மீட்டர், ‘ஃபோர்ஸ்ட்ஷ்ட்ராஸ’ காட்டுச் சாலை. ‘ஆவுஸ்கெசெட்ஸ்ட்’ என்றால் ஒரு பக்கம் பள்ளம் திறந்து கிடக்கும் இடம். ‘ட்ரிட்ஸிஷர்’ என்றால் கால் தடுமாறாதவருக்கு மட்டும். ‘ஸைல்ஃபெர்ஸிஷர்ட்’ என்றால் கம்பி பிடித்துப் போகும் பகுதி. கடைசி மூன்றும் ஒரே பத்தியில் வந்தால் அந்தப் பாதை உங்களுக்கு இல்லை.

ஏ2காரர்கள் சறுக்கும் இரண்டு இடமும் மலையிலேயே பழகிவிடும். ஒன்று, ‘ஆவுஃப்’ (மேல்), ‘இன்’ (உள்), ‘யூபர்’ (மேலாக) போன்ற முன்னிடைச் சொற்களுக்குப் பின் இரண்டாம் வேற்றுமையா நான்காமதா என்ற குழப்பம். மலைமேல் ஏறுகிறேன் என்றால் ‘ஆவுஃப் டேன் பெர்க்’, மலைமேல் இருக்கிறேன் என்றால் ‘ஆவுஃப் டேம் பெர்க்’. பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் போகிறேனா, இருக்கிறேனா என்று மனதில் ஒரு வாக்கியம் சொல்லிக்கொண்டே போங்கள். இரண்டு, இறந்தகாலத்தில் துணைவினையாக ‘ஹாபன்’ வருமா ‘ஸைன்’ வருமா என்பது. நடந்தேன், ஏறினேன், விழுந்தேன் எல்லாம் ‘ஸைன்’. திங்கட்கிழமை ஆசிரியர் வார இறுதி பற்றிக் கேட்பார். பயிற்சி தானாக நடக்கும். ஆஸ்திரியாவில் உட்கார்ந்தேன், நின்றேன், படுத்தேன் என்பதற்கும் ‘ஸைன்’தான், ‘இஷ் பின் கெஸெஸன்’. ஜெர்மனிப் பாடநூல் ‘ஹாபன்’ போடும். இரண்டும் சரி, ஒரே கட்டுரையில் கலக்காமல் இருந்தால் போதும்.

வட்டார வழக்கு: பயப்பட வேண்டாம், ஆனால் திசைச் சொற்களை முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். ‘ஆவுஃபி’ என்றால் இங்கிருந்து மேலே, ‘ஓபி’ கீழே, ‘ஐனி’ உள்ளே, ‘உமி’ அந்தப் பக்கம். பேசுபவர் மேலே இருந்துகொண்டு ‘ஆவுஃபா’ என்றால் ‘என் பக்கம் ஏறி வா’. இல்லை என்னும் ‘நிஷ்ட்’ ‘நெட்’ ஆகும். ‘ஹோக்டாய்ச் பிட்ட’ (பொது ஜெர்மனில் சொல்லுங்கள்) என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், மாற்றிப் பேசுவார்கள்.

தடம்பார்ப்பவன்:

@வேற்றுமையுருபு சொன்னதில் ஒரு திருத்தம். இந்த வேற்றுமைகளை நாம் தமிழ் எண்ணிக்கையில் இரண்டு, நான்கு என்றால் குழப்பம். இருப்பிடம் என்றால் டாட்டிவ், இலக்கு என்றால் அக்குஸாட்டிவ் என்றே வைத்துக்கொள்ளட்டும்.

வேற்றுமையுருபு:

ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெயர்களே இருக்கட்டும், வகுப்பிலும் அதுதான் கேட்கும்.

மழைக்கோட்டு:

படிப்பு, பஸ் எல்லாம் சரி. எங்கே கோட்டை விடுவார்கள் என்பதையும் பார்ப்போம்.

நேரக் கணக்கு. ஆல்ப்ஸில் புழங்கும் வழி: ஏற்றம் மணிக்கு 300 மீட்டர், இறக்கம் மணிக்கு 500 மீட்டர், சமதூரம் மணிக்கு 4 கி.மீ. உயரத்துக்கான நேரம், தூரத்துக்கான நேரம் இரண்டையும் தனித்தனியே போட்டு, பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்ட வேண்டும். 6 கி.மீ. தூரத்தில் 900 மீட்டர் ஏற்றம் என்றால் 3 மணி, ஒன்றரை மணி. ஆக 3 மணி 45 நிமிடம். ஓய்வு இதில் சேராது. புதியவர் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளட்டும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, கடைசி பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னால் கீழே இருப்பது போல் கிளம்புங்கள்.

பாதைப் பலகைகள் மஞ்சள். அதில் சிவப்பு வட்டம் நடுத்தரம், கறுப்பு கடினம். நடுத்தரம் என்ற சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம். சிவப்புப் பாதை குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். கறுப்புப் பக்கமே போகாதீர்கள்.

இந்த மலைகள் சுண்ணாம்புக் கல். மழைநீர் விரிசல் வழியே உள்ளே இறங்கிவிடுவதால் உயரத்தில் ஓடை இருக்காது. ஏரிப் பகுதிதானே, தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று அரை லிட்டர் பாட்டிலோடு ஏறுகிறவர்கள் உண்டு. இரண்டு லிட்டர் எடுங்கள். அதே கல் நனைந்தால் வழுக்கும், வேர்கள் அதைவிட மோசம். முந்தின நாள் மழை என்றால் ஏரிச் சுற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேய்ச்சல் நிலத்தில் கன்றோடு நிற்கும் பசுவுக்கு இடம் விட்டுச் சுற்றிப் போங்கள். கன்றைத் தடவப் போவதுதான் ஆபத்து.

மலை மீட்பு எண் 140, பொது அவசர எண் 112. சிக்னல் இல்லையென்றால் டார்ச் அல்லது விசில்: நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்று.

ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் மலையில் தேடி இறக்கும் செலவு அந்த பாலிசியில் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள், ஹெலிகாப்டர் பில் வேறு. ஆஸ்திரிய மலையேறுவோர் சங்கமான ஆல்பென்ஃபெரைனில் உறுப்பினரானால் 25,000 யூரோ வரை மீட்புச் செலவுக் காப்பீடும் குடில்களில் குறைந்த கட்டணமும் கிடைக்கும். வெளிநாட்டவரும் சேரலாம். பணம் கட்டிய பிறகுதான் காப்பீடு தொடங்கும், ஆகவே ஊரிலிருந்தே முடித்துவிடுங்கள்.

கரிசல்காடு:

எல்லோருக்கும் நன்றி. மூன்றாம் வாரம் ஒரு ராத்திரி குடில் என்று முடிவு செய்துவிட்டேன். எந்தக் குடில், சாப்பாட்டுக்கு என்ன சொல்ல வேண்டும், என்ன எடுத்துப் போக வேண்டும்?

தடம்பார்ப்பவன்:

கோசாவ் ஏரிக்கு மேலே காப்லோன்ஸர் குடில் உங்கள் உடம்புக்குப் பொருந்தும். பாட் இஷல் வரை 150, அங்கிருந்து கோசாவ் பஸ். மொத்தம் இரண்டரை மணிக்குக் குறையாது, அதனால் சனி காலை முதல் பஸ். ஏரி சுமார் 930 மீட்டரில்; எதிரே டாக்ஷ்டைன் மலையின் பனி. குடில் அதற்கு மேல் 600 மீட்டர், நடந்தால் இரண்டு மணி நேரம் சொச்சம், கேபிள் காரும் உண்டு. கிளம்பும் முன் குடிலும் கேபிள் காரும் அந்த வாரம் இயங்குகின்றனவா என்று பாருங்கள். ஞாயிறு காலை இறங்கி கீழே அந்த ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்பலாம்.

படுக்கையை ஆன்லைனில் பதிவு செய்யுங்கள். ‘லாகர்’ என்பது வரிசையாக மெத்தை போட்ட பொது அறை, அதுதான் மலிவு. மெல்லிய துணி உறக்கப்பை கட்டாயம், கம்பளி அவர்கள் தருவார்கள். காதடைப்பான், தலைவிளக்கு, ரொக்கம், உள்ளே போட செருப்பு. காலணி வாசல் அறையில் கழற்றணும். ராத்திரி 10 மணிக்கு அமைதி. அதற்குமேல் பிளாஸ்டிக் பையைச் சரசரத்தால் அறையே முறைக்கும்.

வேற்றுமையுருபு:

சாப்பாட்டில் ஒன்று கவனியுங்கள். ‘காஸ்ப்ரெஸ்க்னோடல்’ சூப் என்று இருக்கும். பாலாடைக்கட்டி உருண்டைதான், பட்டியலில் இறைச்சி என்று எழுதியிருக்காது, ஆனால் அது மிதக்கும் சாறு வழக்கமாக மாட்டெலும்பில் கொதித்தது. ‘இஸ்ட் டாஸ் அய்ன ரிண்ட்ஸுப்ப?’ (இது மாட்டுச் சூப்பா?) என்று கேளுங்கள். ஆமாம் என்றால் உருண்டையை மட்டும் சாலடோடு தரச் சொல்லலாம். ‘காஸ்நோக்கன்’ (பாலாடைக்கட்டி சேர்த்த மாவுத் துண்டுகள்), ‘கைஸர்ஷ்மார்ன்’ (பிய்த்துப் போட்ட இனிப்பு அப்பம்) இரண்டும் பொதுவாக இறைச்சியில்லை, முட்டை உண்டு. நோக்கனில் பன்றித் துண்டு தூவுகிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

குடிலில் தனி மேசை எதிர்பார்க்காதீர்கள், எல்லோரும் சேர்ந்துதான் உட்காருவார்கள். ‘இஸ்ட் டா நோக் ஃப்ரை?’ (இங்கே இடம் இருக்கிறதா?) என்று கேட்டு, உங்கள் மொழி பேசாத ஆட்கள் இருக்கும் மேசையாகப் பார்த்து உட்காருங்கள். 1,000 மீட்டருக்கு மேல் எல்லோருக்கும் ‘டூ’ (நீ) என்பது மலை வழக்கம், ‘ஸீ’ (நீங்கள்) வினை வடிவத்தைத் தேட வேண்டியதில்லை. வரைபடத்தை மேசையில் விரித்து வையுங்கள். நாளைக்கு எங்கே என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள்.