பூட்டு அப்படியே இருக்கு, உள்ளே இருந்தது காணோம்! உங்க அனுபவம் சொல்லுங்க

புது வண்ணாரப்பேட்டை:
எங்க வீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமை குவைத்திலிருந்து வந்தார். செக்-இன் பெட்டியில போட்ட பூட்டு போட்டபடியே இருக்கு. பிரிச்சுப் பார்த்தா பிள்ளைங்களுக்கு வாங்கின வாட்ச், சென்ட் பாட்டில் எதுவும் இல்ல. பூட்டு உடையாம எப்படிப் போச்சுன்னு மாமியார் கேட்டுக்கிட்டே இருக்காங்க. உங்க யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

மண்ணடி:
சகோதரி, ஜிப் வழியாத்தான் போயிருக்கும். நான் பெட்டி, பை ரிப்பேர் பண்றவன். கடைக்கு வர்றவங்களுக்கு நேர்லயே செஞ்சு காட்டுவேன். பால்பாயின்ட் பேனா முனையை ஜிப் பல்லுக்கு நடுவுல குத்தினா பிளந்துக்கும். எடுக்கறதை எடுத்துட்டு, பூட்டோட சேர்த்தே ரெண்டு ரன்னரையும் (ஜிப்பைத் திறந்து மூட நாம இழுக்கற தலை) அந்தக் கோடி வரைக்கும் ஓட்டித் திருப்பினா பழையபடி மூடிக்கும். பார்த்தா ஒண்ணுமே தெரியாது.

அதனால ரன்னரை நகர விடக் கூடாது. பூட்டினதும் ரன்னரைப் பக்கத்துக் கைப்பிடியோட சேர்த்து கேபிள் டை போட்டு இறுக்கிடுங்க. அப்புறம் ஜிப்பைப் பிளந்தாலும் திரும்ப மூட முடியாது, பெல்ட்டுல வரும்போதே காட்டிக் கொடுத்துடும். ஜிப்பே இல்லாத கிளிப் பெட்டி இன்னும் நல்லது.

டிஎஸ்ஏ பூட்டைக் கேட்டு நிறைய பேர் வர்றாங்க. அது அமெரிக்க விமான நிலையத்துல சோதனை போடற டிஎஸ்ஏ ஆளுங்க, அவங்ககிட்ட இருக்கற பொதுச் சாவியால உடைக்காம திறக்கறதுக்கு. அந்தப் பொதுச் சாவியோட படம் 2015லயே வெளியாகி, 3டி பிரிண்டர்ல அச்சடிச்சே திறந்து காட்டிட்டாங்க. வளைகுடா போறவங்க அதை நம்பித் தனியாக் காசு கொடுக்க வேண்டியதில்ல.

திருவொற்றியூர்:
மண்ணடி பாய் சொன்னது நூத்துக்கு நூறு. அம்மாவோட கோலாலம்பூர்ல இருந்து வந்தப்போ ஜிப் ஓரம் பிளந்தே வந்துச்சு. "வீட்டுக்குப் போய் மெயில் போடுங்க சார்"னு கவுன்டர்ல சொன்னாங்க. நான் நகரல. பெட்டியை அங்கேயே எடை போடச் சொன்னேன். ஏத்தும்போது டேக்ல அடிச்ச எடையைவிட ரெண்டு கிலோ கம்மி! அதையும் சேர்த்து எழுதி பிஐஆர் (பெட்டிக்கு என்ன ஆச்சுன்னு ஏர்லைன்ஸ் கவுன்டர்ல பதிவு பண்ற அறிக்கை) நகல் வாங்கின பிறகுதான் வெளியே வந்தோம். மாசக்கணக்குல இழுத்தடிச்சாங்க, ஆனா பணம் வந்துச்சு.

அக்கா, உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு. வெளிநாட்டு விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள்ள எழுத்துல புகார் போகணும். உள்ளே காணாமப் போனதையும் அதுலயே எழுதுங்க. பெட்டி தாமதமா வந்தா 21 நாள். 2024 டிசம்பர் கடைசியிலிருந்து இழப்பீட்டு உச்சவரம்பு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நிதியத்தோட கணக்கு அலகு), நம்ம காசுல ஒன்றரை லட்சத்துக்கு மேல. அது ஒரு பயணிக்கு, ஒரு பெட்டிக்கு இல்ல. போர்டிங் பாஸ், டேக் சீட்டு, கடை பில் மூணையும் தூக்கிப் போட்டுடாதீங்க.

ராயபுரம்:
எங்க வீட்டுல பெட்டியை மூடறதுக்கு முன்னாடி உள்ளே இருக்கறதை போட்டோ எடுத்துடுவோம். நகை, பணம், மாத்திரை எல்லாம் கைப்பையிலதான். நகையைச் செக்-இன்ல போட்டா பொறுப்பில்லன்னு ஏர்லைன்ஸ்காரங்க விதியிலயே போட்டிருக்காங்க. பவர் பேங்கும் செக்-இன் பெட்டியில போகக் கூடாது. ஸ்கேன்ல தெரிஞ்சா பெட்டியைத் தனியா எடுத்துத் திறப்பாங்க. நம்ம கண்ணு முன்னாடி இல்லாம பெட்டி திறக்கறதுக்கு நாமளே ஏன் வழி பண்ணணும்?