நாலு கேபிள் போட்டும் ஒரு கேபிள் வேகம்கூட வரல: பிராக்ஸ்மாக்ஸ் பாண்டிங் சந்தேகம்

குளச்சல்காரன்:

குளச்சல்ல ஒரு மீன் ஏற்றுமதி ஆபீஸுக்கு ரெண்டு பிராக்ஸ்மாக்ஸ் (ஒரே மெஷினில் பல விஎம், அதாவது மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) சர்வர், ஒண்ணோட ஒண்ணு இணைஞ்ச கிளஸ்டர்ல இருக்கு. ஒவ்வொண்ணுலயும் 1 ஜிபிபிஎஸ் போர்ட் நாலு. ஸ்விட்ச் 24 போர்ட், மேனேஜ்டு (அமைப்பை நாமே மாத்திக்கலாம்). பேக்கப் போற என்ஏஎஸ்ஸில (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) ரெண்டு போர்ட். சர்வரோட நாலு போர்ட்டையும் பேலன்ஸ்-ஆர்ஆர் மோடில் பாண்டு பண்ணி (ஒரே இணைப்பாச் சேர்த்து) அதுமேல விஎம்களுக்கான பிரிட்ஜ் வச்சிருக்கு. ஸ்விட்ச் பக்கம் எதையும் தொடல.

பேக்கப் நொடிக்கு 35 எம்பிக்கு மேல ஏறல. மூணு கேபிளைப் பிடுங்கிட்டு ஒண்ணை மட்டும் விட்டா 112 எம்பி வருது, கிட்டத்தட்ட ஒரு கேபிளோட முழு வேகம். ஸ்விட்ச் லாகில் ஒரே மேக் முகவரி (நெட்வொர்க் கார்டோட அடையாள எண்) போர்ட் 1, 3, 2ன்னு தாவுதுன்னு வரிவரியா விழுது. பில்லிங் விஎம்மோட ரிமோட் டெஸ்க்டாப் அடிக்கடி அறுந்துபோகுது. 4 ஜிபிபிஎஸ் முழுசா கிடைக்க என்ன செய்யணும்?

வேளிமலை:

காரணம் அந்த லாகிலேயே இருக்கு. பேலன்ஸ்-ஆர்ஆர் ஒரு பாக்கெட்டை முதல் கேபிளிலும் அடுத்ததை ரெண்டாவதிலும் மாத்தி மாத்தி அனுப்பும். ஸ்விட்சுக்கு நாலும் தனித்தனி போர்ட். ஒரே மேக் நாலு இடத்தில் தெரியுது, எந்த மேக் எந்தப் போர்ட்டில்ங்கிற அட்டவணையை ஓயாம மாத்தி எழுதுது. போதாததுக்கு பாக்கெட்டுகள் வரிசை குலைஞ்சு போய்ச் சேரும். டிசிபி (டேட்டா முழுசாப் போய்ச் சேர்றதைப் பார்த்துக்கிற விதிமுறை) அதை இழப்புன்னு எடுத்துக்கிட்டு மறுபடி அனுப்பும், வேகத்தையும் குறைச்சுக்கும். 35 எம்பி வந்த கதை இதுதான்.

802.3ஏடி மோடுக்கு, அதாவது எந்தக் கேபிள்களைச் சேர்க்கணும்னு சர்வரும் ஸ்விட்சும் பேசி வச்சுக்கிற எல்ஏசிபிக்கு மாறுங்க. தொடங்கும் முன்னாடி சர்வரில் மானிட்டரும் கீபோர்டும் மாட்டிடுங்க. நடுவில் நெட்வொர்க் போகும், எஸ்எஸ்ஹெச்சை (நெட்வொர்க் வழியா உள்ளே போறதை) நம்பி இறங்காதீங்க. முதல்ல ஸ்விட்சில் ஒரு லேக் (LAG, சேர்த்த போர்ட்டுகள்) குழு உண்டாக்கி எல்ஏசிபி ஆக்டிவ்னு வையுங்க. விலான் (ஒரே ஸ்விட்சுக்குள்ள பிரிச்ச தனி நெட்வொர்க்) அமைப்பு லேக் மேலதான் வரணும், உறுப்பு போர்ட்டுகளில் தனித்தனியா வேண்டாம். அப்புறம் சர்வரோட இன்டர்ஃபேசஸ் ஃபைலில் பாண்டு மோடை மாத்தி, மிமான் 100 (கேபிள் உயிரோட இருக்கான்னு 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பார்க்கும்), ஹேஷ் பாலிசி (எது எந்தக் கேபிளில் போகணும்ங்கிற விதி) லேயர்3+4 கொடுங்க. ஐபி பிரிட்ஜில் மட்டும் இருக்கணும். பாண்டிலும் ஒண்ணு கொடுத்து மாட்டிக்கிறவங்க நிறைய பேர்.

முடிச்சதும் ப்ராக் (/proc) அடியில் இருக்கும் பாண்டிங் ஃபைலைத் திறந்து பாருங்க. பார்ட்னர் மேக் (எதிர்ப்பக்கத்து மேக்) முழுக்க பூஜ்யமா இருந்தா ஸ்விட்ச் எல்ஏசிபி பேசலன்னு அர்த்தம். அக்ரிகேட்டர் ஐடி (எந்தப் போர்ட்டுகள் ஒண்ணாச் சேர்ந்திருக்குன்னு காட்டும் எண்) எல்லா போர்ட்டுக்கும் ஒரே எண்ணா இருக்கணும்.

ஒரு திருத்தமும் உண்டு. நாலையும் பாண்டில் போடாதீங்க. மூணு போதும், நாலாவது கோரோசிங்குக்குத் (கிளஸ்டர் சர்வர்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிறது) தனியா. பேக்கப் லைனை நிரப்பும்போது கோரோசிங் செய்தி தாமதமானா கிளஸ்டர் உடையும். ஹெச்ஏ (ஒரு சர்வர் விழுந்தா விஎம்மை இன்னொண்ணில் தானா ஓட்டுறது) போட்டிருந்தா சர்வர் தானா ரீபூட் ஆகும்.

பழையாறு:

வேளிமலை சொன்னபடி மாத்தினா தாவல் நிக்கும். ஆனா 4 ஜிபிபிஎஸ் எதிர்பார்க்க வேண்டாம் தம்பி. எல்ஏசிபியில் ஒரு ஓட்டம் (ஒரு இணைப்பில் போற டேட்டா) முழுக்க ஒரே கேபிளில்தான் போகும். ஒரு பேக்கப் ஓட்டத்துக்கு உச்சம் 117 எம்பி அளவுதான், நீங்க பத்து கேபிள் போட்டாலும். பிராக்ஸ்மாக்ஸ் ஒரு சர்வரில் விஎம்களை ஒண்ணு முடிஞ்சு அடுத்ததுன்னுதான் பேக்கப் எடுக்கும். ஆக மொத்தம் ரெண்டு சர்வருக்கு ரெண்டு ஓட்டம்.

அந்த ரெண்டும் என்ஏஎஸ்ஸோட ரெண்டு போர்ட்டில் பிரிஞ்சு போகணும். (என்ஏஎஸ் பக்கமும் லேக் போட மறக்காதீங்க.) அதை முடிவு பண்றது சர்வரோட ஹேஷ் பாலிசி இல்லை, ஸ்விட்ச். அனுப்புறவன்தான் கேபிளைத் தேர்ந்தெடுப்பான்; என்ஏஎஸ்ஸுக்கு அனுப்புறது ஸ்விட்ச்தானே. பல ஸ்விட்சுகள் ரெண்டு ஐபியோட கடைசி பிட்டுகளை எக்ஸ்ஓஆர் பண்ணிப் பார்க்கும் (ரெண்டும் ஒண்ணா இருந்தா 0, வேறன்னா 1). ஐபியோட கடைசி எண் சர்வர்களுக்கு .10, .12, என்ஏஎஸ்ஸுக்கு .20ன்னு வையுங்க: மூணுமே இரட்டை எண், ரெண்டு ஓட்டத்துக்கும் விடை 0. தினமும் ரெண்டும் ஒரே கேபிளில் முட்டும், பக்கத்துக் கேபிள் சும்மா கிடக்கும். பேக்கப்புக்குத் தனி விலான் போட்டு சர்வர்களுக்கு .11, .12 கொடுங்க, ஒண்ணு ஒற்றை, ஒண்ணு இரட்டை, பிரிஞ்சிடும். ஸ்விட்ச் ஹேஷை மேக்கிலிருந்து ஐபிக்கு மாத்தணும், அது முக்கியம்.

ஓட்டம் கூடினா தானா சமமாப் பிரியும்னும் நினைக்காதீங்க. நாலு ஓட்டம், நாலு கேபிள், ஆளுக்கு ஒண்ணுன்னு சரியா விழ 256ல் 24 வாய்ப்பு. பத்து சதவீதம்கூட இல்லை.

ஐஸ்கசி (நெட்வொர்க் வழியா டிஸ்க் கொடுக்கிற முறை) ஓடுதுன்னா அதைப் பாண்டு மேல ஓட்டாதீங்க. ரெண்டு போர்ட், ரெண்டு சப்நெட் (தனித்தனி ஐபி வரிசை), மல்டிபாத் (ரெண்டு வழியையும் சேர்த்துப் பயன்படுத்துறது). ஒரே ஓட்டம் வேகமா வேணும்னா 10 ஜிபிபிஎஸ் கார்டும் டேக் (DAC, ரெண்டு முனையிலும் பிளக்கோட வர்ற செம்பு) கேபிளும்தான் நேர்வழி.

குளச்சல்காரன்:

மாத்தியாச்சு அண்ணாச்சி. தாவல் நின்னுட்டு. ஒரு சர்வரில் மூணு போர்ட்டில் ரெண்டுக்கு அக்ரிகேட்டர் ஐடி 1, மூணாவதுக்கு மட்டும் 2. ஈத்டூலில் (போர்ட் நிலையைக் காட்டும் லினக்ஸ் கட்டளை) அந்தப் போர்ட் வேகம் 100 எம்பிபிஎஸ்னு காட்டுது. கார்டு போச்சா?

வேளிமலை:

கார்டைக் கழற்றாதீங்க, கேபிளைப் பாருங்க. எல்ஏசிபி ஒரே வேகமுள்ள போர்ட்டுகளைத்தான் ஒண்ணா சேர்க்கும். 100ல் நிக்கிறது தனியா ஒதுங்கிடும். ஜிகாபிட்டுக்கு எட்டு கம்பியும் வேணும், 100க்கு 1, 2, 3, 6 போதும். 4, 5, 7, 8ல் ஒண்ணு தொடர்பு விட்டாலும் பல கார்டுகள் சத்தமில்லாம 100க்கு இறங்கிடும்.

கடற்கரைப் பக்கம் இது சகஜம். உப்புக் காத்து ஆர்ஜே45 (கேபிள் முனை பிளக்) பின்னைப் பச்சை பிடிக்க வைக்கும். நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, ஈரம் குறையாது. பிளக்கைக் கழற்றி டார்ச் அடிச்சா பச்சை தெரியும். வெட்டிட்டுத் தங்கமுலாம் கனமான பிளக் போட்டு கிரிம்ப் பண்ணுங்க. சாக்கெட் பின்னையும் காண்டாக்ட் கிளீனர் போட்டுத் துடையுங்க. கேபிள் அலுமினியத்து மேல செம்பு பூசினதா இருந்தா மொத்தமா மாத்திடுங்க.

மார்த்தாண்டம் நெட்:

இதே ஸ்விட்சில் ஈஎஸ்எக்ஸ்ஐயும் (பிராக்ஸ்மாக்ஸ் மாதிரி விஎம்வேர் மென்பொருள்) ஓடுது. அதுக்கும் எல்ஏசிபி போட்டுடலாமா?

பழையாறு:

ஈஎஸ்எக்ஸ்ஐக்குள்ள இருக்கும் ஸ்டாண்டர்டு விஸ்விட்ச் (மென்பொருள் ஸ்விட்ச்) எல்ஏசிபி பேசாது, டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்ச் வேணும். டிஃபால்ட்டா வர்ற போர்ட் ஐடி முறையை (விஎம்முக்கு ஒரு கேபிள்னு ஒதுக்குறது) அப்படியே வச்சுக்குங்க; ஸ்விட்சில் லேக் போடக்கூடாது. ஐபி ஹேஷ் கட்டாயம்னா ஸ்விட்சில் எல்ஏசிபி இல்லாத ஸ்டேட்டிக் லேக். பீக்கன் ப்ரோபிங்கை (சோதனைப் பாக்கெட் அனுப்பி இணைப்பைப் பார்க்கிறது) அதோட சேர்க்காதீங்க.