ஆங்கிலச் சுருக்கங்கள் காலை வாரிய கதைகள்: உங்களுக்கு என்ன நடந்தது?

ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு கூட்டம். காலை 10 மணி ஐஎஸ்டி என்று மெயில் வந்தது. இந்திய நேரம் என்று நினைத்து எல்லோரும் சரியாகப் பத்துக்கு உட்கார்ந்தோம், எதிர்ப்பக்கம் ஆளே இல்லை. அனுப்பியவர் அயர்லாந்தின் டப்ளின்காரர். கோடைக்கால ஐரிஷ் நேரத்துக்கும் ஐஎஸ்டிதான் பெயர், இஸ்ரேல் நேரத்துக்கும் அதேதான். அவருடைய பத்து நமக்குப் பிற்பகல் இரண்டரை. முன்பின் பார்க்காத சுருக்கமாக இருந்தால் கேட்டிருப்போம். தெரிந்ததாக இருந்ததால்தான் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. இப்போது உலகப் பொது நேரமான யூடிசியிலிருந்து எவ்வளவு முன்னே என்று, யூடிசி+5:30 என எண்ணோடு எழுதுகிறோம்.

* * *

உங்களுக்குக் கூட்டம்தான் போனது. நான் நர்ஸ். யூனிட் என்பதற்கு வெறும் 'யூ' போடுவார்கள். அவசரக் கையெழுத்தில் அது பூஜ்யம் மாதிரி விழும், 4 யூனிட் இன்சுலின் 40 ஆகத் தெரியும். அப்படி ஒரு சீட்டு என் கைக்கே வந்தது. நோயாளியின் பழைய அளவோடு ஒட்டவில்லை என்பதால் டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன், 4 தான். 'எம்எஸ்' இன்னும் மோசம். வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் சல்பேட்டும் அதுதான், கர்ப்பகால வலிப்புக்குக் கொடுக்கும் மெக்னீசியம் சல்பேட்டும் அதுதான். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன், 2004-இல் வெளியிட்ட 'பயன்படுத்தாதீர்கள்' பட்டியலில் இவை இரண்டையும் சேர்த்தது. முழுசாக எழுத எத்தனை நொடி ஆகிவிடும், சொல்லுங்கள்!

* * *

நான் ஒப்பந்தங்களைத் திருத்துகிறவன். அடையாளச் சான்று, ஐ.இ., பாஸ்போர்ட் என்று ஒரு வரி வந்தது. எழுதியவர் நினைத்தது இ.ஜி. ஐ.இ. என்றால் 'அதாவது', இ.ஜி. என்றால் 'உதாரணமாக'. எதிர்த்தரப்பு வேறு எந்தச் சான்றையும் ஏற்க மாட்டோம் என்று பிடிவாதம் பிடித்தது. ஆவணத்தில் உள்ளபடி பார்த்தால் அவர்கள் சொன்னதுதான் சரி. அந்த இரண்டையும் எங்கே பார்த்தாலும் நான் வார்த்தையாக விரித்துவிடுவேன்.

அப்புறம், சிலர் நீளமான பெயருக்கு முதல் பக்கத்தில் சுருக்கம் கொடுத்துவிட்டு அதை மறுபடி எங்குமே பயன்படுத்துவதில்லை. எதற்கு அந்தப் பாரம்?

* * *

மேலே உள்ளவருக்கு: இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. முதல் பக்கத்தில் விரித்துச் சொன்ன சுருக்கம் 60-ஆம் பக்கத்தில் திடீரென்று எட்டிப் பார்க்கும். பெரிய அறிக்கை என்றால் நான் அத்தியாயத்துக்கு ஒருமுறை விரித்து எழுதச் சொல்கிறேன். எரிச்சல்படுகிறார்கள், ஆனால் எழுதுகிறார்கள்.