மறு: ஹவ்ரூத்தாவுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஹவ்ரூத்தா என்பது இருவர் இணைந்து, ஒருவரை ஒருவர் மறுத்துக் கேட்டு, யூதரின் சட்ட விவாத நூலான தல்மூதைப் படிக்கும் முறை. அதற்கு இந்த இழையில் வந்த தமிழ்ச் சொற்களையெல்லாம் வரிசையாக எழுதிப் பார்த்தேன்: இணைக்கல்வி, கூட்டுப்பயில்வு, சோடிப்படிப்பு, எதிரமர் கல்வி, உடன்கற்றல். எல்லாம் நல்ல சொற்கள்தான். ஆனால் எதிரமர் கல்வியைத் தவிர வேறு எதிலும் மறுத்துப் பேசுவதற்கு இடமில்லை. ஹவ்ரூத்தாவின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> இருவர் சேர்ந்து படிப்பதுதானே ஐயா, இணைக்கல்வி போதுமே?

போதாது. பேத் மித்ராஷ் எனப்படும் யூதப் படிப்புக்கூடத்தில் நூலக அமைதியை எதிர்பார்க்க முடியாது, சந்தை இரைச்சல்தான் இருக்கும். இருவர் இருவராக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் தல்மூதின் அரமேய மொழி வரியை ஒருவித ராகத்தோடு வாய்விட்டு வாசித்து, தன் பேச்சுமொழியில் பொருள் சொல்வார். அவரைப் பாதியில் நிறுத்திக் கேள்வி கேட்பது மற்றவரின் பொறுப்பு.

தல்மூதில் பாவா மெட்சியா என்ற பகுதியின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், பல சிறுவர்கள் தல்மூதுக்குள் நுழைவதே இதன் வழியாகத்தான். இருவர் ஒரே துணியைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள், முழுதும் எனக்கே என்கிறார் இவர், முழுதும் எனக்கே என்கிறார் அவர். பாதிக்குக் குறையாமல் தனக்கு உண்டு என்று இருவரும் சத்தியம் செய்துவிட்டுப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி. உடனே எதிரில் இருப்பவர் கேட்பார்: இருவர் கையிலும் துணி இருக்கிறதே, அப்புறம் சத்தியம் எதற்கு? சத்தியம் இல்லாவிட்டால் போகிறவர் வருகிறவரெல்லாம் அடுத்தவர் துணியைப் பிடித்துக்கொண்டு என்னுடையது என்பார்கள், இது தல்மூது அறிஞர் ரப்பி யோஹனான் சொல்லும் காரணம். சரி, அடுத்தவர் பொருளுக்குப் பொய் சொல்லத் துணிந்தவன் பொய்ச் சத்தியத்துக்கு அஞ்சுவானா? தல்மூதே இந்தக் கேள்வியைக் கேட்கிறது. அப்புறம் இருவரும் பக்கத்தின் உள்ஓரத்தில் ராஷி என்ற இடைக்கால உரையாசிரியரின் உரையைப் பார்ப்பார்கள், வெளிஓரத்தில் அவருக்குப் பின்வந்த அறிஞர்களின் தோசஃபோத் உரையைப் பார்ப்பார்கள். தோசஃபோத்தை உருவாக்கிய அறிஞர்களில் ராஷியின் பேரன் ரபேனு தாமும் ஒருவர். தாத்தாவின் விளக்கத்தைப் பேரன் மறுப்பதும் அதே பக்கத்தில் இருக்கும்.

தல்மூதில் எனக்கு மிகவும் பிடித்த கதையும் இதைப் பற்றியதுதான். தன் படிப்புத் துணையான ரெஷ் லாகிஷ் இறந்த பிறகு, துயரத்தில் இருந்த ரப்பி யோஹனானுக்கு ஆறுதலாக எலாசர் பென் பெதாத் என்ற அறிஞரை அனுப்புகிறார்கள். யோஹனான் எதைச் சொன்னாலும், உங்கள் கருத்துக்கு ஆதரவாக ஒரு பாடம் இருக்கிறது என்கிறார் இவர். யோஹனானுக்குத் தாங்கவில்லை. நான் சொன்னது சரி என்று எனக்கே தெரியாதா, ரெஷ் லாகிஷ் 24 மறுப்பு எழுப்புவார், நான் 24 விடை சொல்வேன், அதில்தான் பாடம் விரிந்தது என்று அழுகிறார். இதைப் படித்த பிறகும் இணைக்கல்வி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

> நேருக்கு நேர் உட்காருவதால் எதிரமர் கல்வி பொருத்தம் அல்லவா?

பழைய நிலைக்குப் பொருந்தும் அம்மா. ஆனால் இன்று ஹவ்ரூத்தா தொலைபேசியிலும் நடக்கிறது, காணொலியிலும் நடக்கிறது. நாளுக்கு ஓர் ஏடு என்று 2,711 ஏடுகளை ஏறக்குறைய ஏழரை ஆண்டில் முடிக்கும் தஃப் யோமி 1923இல் தொடங்கியது, இப்போது நடப்பது 2020 ஜனவரியில் தொடங்கிய 14ஆவது சுற்று. வேலைக்குப் போகிறவர்கள் பலர் அதை ரயிலில் கைப்பேசி வழியாகத்தான் படிக்கிறார்கள். ஒருவர் எருசலேமில், அவருடைய துணை நியூயார்க்கில் என்றால் எங்கே எதிரமர்வது?

> நன்னூல் பாயிரத்தில் 'தன்னொடு கற்றோன்' இருக்கிறதே.

இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. அதே பாயிரம் ஆசிரியர் சொன்னதைக் கேட்டால் கால் பங்குதான், உடன் பயில்பவரோடு பழகினால் இன்னொரு கால் என்றும் சொல்கிறது. ஆனால் கற்றோன் என்பது ஆண்பால். பல நூற்றாண்டுகள் பெண்களுக்குத் தல்மூதுப் படிப்பு பெரும்பாலும் மறுக்கப்பட்டிருந்தது. நியூயார்க்கில் 1979இல் தொடங்கிய திரிஷா என்ற பெண்கள் படிப்பு நிறுவனம் போன்ற இடங்கள் அந்தக் கதவைத் திறந்தன. 2020 ஜனவரியில் எருசலேமில் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் கூடித் தல்மூதை முடித்த விழாவைக் கொண்டாடினார்கள். இப்போது நாம் ஆக்கும் சொல்லில் அவர்களுக்கு இடமில்லாமல் போவது நியாயமே இல்லை.

ஆகவே என் முன்மொழிவு: உறழ்பயில்வு. கூட்டாளிக்கு உறழ்துணை. வினையாக எழுதும்போது உறழ்ந்து படித்தார்கள்.

உறழ்தல் என்றால் மாறுபடுதல், எதிர்த்தல், ஒப்பிட்டு நோக்கல் என மூன்றும் உண்டு. தொல்காப்பியர் உறழ்கலி என்று ஒரு கலிப்பாவைச் சொல்கிறார், ஒருவர் கூற்றும் மற்றவர் மறுமொழியும் மாறிமாறி வரும், முடித்துவைக்கும் சுரிதகம் அதற்குக் கிடையாது. தல்மூதிலும் எத்தனையோ வாதங்கள் 'தேக்கு', அதாவது நிற்கட்டும், என்று தீர்ப்பில்லாமல் விடப்பட்டிருக்கின்றன. இலக்கணத்தில் சொற்புணர்ச்சியில் உறழ்ச்சி என்றால் இரு வடிவமும் ஏற்புடையவை. இத்தனை பொருளும் ஒரே வேரில் நமக்குக் கிடைத்திருக்கும்போது ஏன் விட வேண்டும்?

> பொது வாசகருக்கு 'உறழ்' புரியாதே.

முதல் இடத்தில் 'ஹவ்ரூத்தா எனும் உறழ்பயில்வு' என்று சேர்த்தே எழுதுவோம், இரண்டாம் பத்தியில் பழகிவிடும். நட்பு என்ற பொருள் போய்விடுகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார், அது நியாயமான கேள்வி, மூலச்சொல் நண்பனைக் குறிக்கும் ஹவேரிலிருந்து வந்ததுதான். அந்தப் பொருளைத் துணை என்பது கொஞ்சம் தாங்கிக்கொள்கிறது என்று நினைக்கிறேன். ஒன்று ஹவ்ரூத்தா, இல்லையேல் சாவு என்ற தல்மூது வரியை மொழிபெயர்க்கும்போது மட்டும் தோழமை என்றே போடுவோம், அங்கே படிப்புமுறையைப் பற்றிப் பேசவில்லை.

அஷ்கெனாசி எனப்படும் ஐரோப்பிய யூதரின் உச்சரிப்பான ஹவ்ரூசாவையும் அகராதியில் தனிப் பதிவாக வைத்து, இதற்கே திருப்பிவிடலாம். மின்யான் (வழிபாட்டுக்குத் தேவையான பத்துப் பேர் குழு), கொலெல் (மணமானவர்கள் முழுநேரமாகத் தல்மூது படிக்கும் கூடம்) இரண்டையும் ஒலிபெயர்ப்பாகவே விடுவது நல்லது என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசுவோம்.