கான்ஸ்வோர்ட் சந்தைத் தகரச் சார்ப்பு: வெட்டலாமா, கூடாதா?

கட்டுமானி: நியூயார்க்கின் கான்ஸ்வோர்ட் இறைச்சிச் சந்தையில், கடை வாசலில் நடைபாதைக்கு மேல் நீட்டியிருக்கும் தகரச் சார்ப்புகளைப் பாரம்பரியச் சொத்து என்று ஒருவர் நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல். மழைக்குப் போட்ட தகரம் ஐயா அது! அமெரிக்காவின் பல ஊர்கள் மாதிரியாக எடுத்துக்கொள்ளும் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பைப் பாருங்கள். 15 அடி உயரத்துக்குக் கீழே இருக்கும் சார்ப்பு, நடைபாதை அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வெட்ட வேண்டியதுதான்.

பழஞ்சுவர்: எழுதியது நான்தான். மழைக்கா? அண்ணாந்து பார்த்திருந்தால் இப்படிச் சொல்ல மாட்டீர்கள். அடிப்புறத்தில் இரும்புத் தண்டவாளம், அதில் கொக்கி. லாரியிலிருந்து இறக்கும் மாட்டுத் தொடையைக் கொக்கியில் மாட்டித் தள்ளினால் நேராகக் கடைக்குள் போய்விடும். லாரி நிற்பது நடைபாதை விளிம்பில். மூன்றில் இரண்டு பங்கோடு சார்ப்பை நிறுத்தினால், மிச்ச தூரத்துக்கு அந்தப் பாரத்தை யார் தோளில் ஏற்றுவது? அப்புறம், நியூயார்க்குக்கென்று தனிக் கட்டட விதி இருக்கிறது. 2003இல் அந்தப் பகுதியை வரலாற்றுப் பகுதியாக அறிவித்துவிட்டார்கள். நினைவுச்சின்ன ஆணையத்தின் அனுமதி இல்லாமல் அந்தத் தகரத்தில் கை வைக்க முடியாது.

கட்டுமானி: கொக்கி, கொக்கி! இன்று அங்கே பெரும்பாலும் துணிக்கடையும் உணவகமும்தான். எந்த மாட்டுத் தொடை தொங்குகிறது? விதி விதிதான். மூன்றில் இரண்டு பங்கு.

நடைப்பிரியன்: தூணைப் பற்றி யாருமே பேசவில்லையே? அதே விதித்தொகுப்பு, சார்ப்பைத் தாங்கும் தூண், நடைபாதையின் சாலையோர விளிம்பிலிருந்து 2 அடியாவது உள்ளே இருக்க வேண்டும் என்கிறது. கண் தெரியாதவர்கள் தூணில் மோதுகிறார்கள்.

பழஞ்சுவர்: அங்கே தூண் எங்கே இருக்கிறது? சுவரிலிருந்து கம்பி போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். சிகாகோவின் பழைய இறைச்சிச் சந்தையான ஃபுல்டன் சந்தையைப் பற்றிப் பேசியபோதும் இதே தூணைத்தான் கொண்டுவந்தீர்கள். 2015இல் அதற்கும் பாதுகாப்பு வந்தது, மறந்துவிட்டதா?

நடைப்பிரியன்: அன்று என்னை ஒருமையில் பேசினீர்கள். அது மறக்கவில்லை.

பழஞ்சுவர்: பேச்சை மாற்றாதீர்கள். கட்டுமானி, தொழில் போனாலும் தண்டவாளம் போகவில்லை. அந்தத் தெருவில் என்ன வேலை நடந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. கொக்கிக்கு என்ன பதில்?

கட்டுமானி: 20 வருடமாக வரைபடம் போடுகிறேன், எனக்கே பாடமா? மூன்றில் இரண்டு பங்கு.

பழஞ்சுவர்: வரைபடத்தில் கொக்கி தெரியாது. பதில் இன்னும் வரவில்லை.