உறைபனியில் வால் ஒதுங்கும் 718 கேமன், டயர் எங்கே கிடைக்கும்?

ஊட்டி பக்கத்துத் தலைக்குந்தாவிலிருந்து குன்னூருக்கு தினமும் காலை ஆறு மணிக்கெல்லாம் கிளம்பியாக வேண்டும். வண்டி 2018 போர்ஷே 718 கேமன், இரண்டு லிட்டர் டர்போ, பின்சக்கர இழுவை, பிடிகே என்கிற ஆட்டோமேட்டிக் கியர். நீர்ப்பனி விழுந்தவரைக்கும் தொந்தரவு இல்லை, டிசம்பர் பாதியில் உறைபனி ஆரம்பித்ததிலிருந்து வெயில் படாத வளைவுகளில் முப்பது வேகத்திலேயே வால் ஒதுங்குகிறது, ஸ்டெபிலிட்டி விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது. வெலிங்டன் பக்கம் இறங்கிவிட்டால் அதே டயர் ரோட்டில் ஒட்டிக்கொண்டு போகிறது.

ஸ்போர்ட் மோடைத் தொடுவதே இல்லை. கோவையில் காற்றடித்தால் இங்கே காலைக் குளிரில் குறைந்துவிடுகிறது, அதனால் இப்போது வீட்டிலேயே, வண்டி ஆறிக் கிடக்கும்போது கையேட்டில் சொன்ன அளவுக்கு அடிக்கிறேன். அலைன்மென்ட் பார்த்தாயிற்று. டயரில் பட்டன் தேயாமல் நிறையவே இருக்கிறது, ஆனால் கோடைக்கான டயர், 7 டிகிரிக்குக் கீழே ரப்பர் விறைத்துவிடும் ரகம், எனக்குச் சந்தேகம் அதில்தான். கண்ணாடி மாதிரி உறைந்த இடத்தில் எந்த டயரும் வழுக்கும், சரி, ஆனால் வெறும் ஈர ரோட்டிலும் இப்படியா?

ஆல் சீசன் டயர் கேட்டால் கோவையில் கடைக்காரர்கள் கை விரிக்கிறார்கள், முன்னால் 235/45 ஆர்18, பின்னால் 265/45 ஆர்18, பின்பக்க அளவுதான் சிக்கல். (ஜீப் வாங்கு என்று சொல்ல வேண்டாம், மச்சான் தினமும் சொல்கிறார்.)

இந்த இரண்டு அளவிலும் ஒரே கம்பெனியின் ஆல் சீசன் டயரை யாராவது இந்தியாவில் வாங்கிப் போட்டிருக்கிறீர்களா, எந்த டயர், எங்கே வாங்கினீர்கள்?